கேம்பர் வேன் ஹீட்டருக்கு டீசல் எங்கேர்ந்து எடுக்கறது: வண்டி டேங்க்கா, தனி டேங்க்கா, நடுவுல ‘டி’ போடறதா?

ராத்திரி மூணு மணிக்கு ஹீட்டர் அணைஞ்சு போயி, போர்வைய விலக்கிட்டு எந்திரிச்சு வேனுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தேன். பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு, ஹீட்டர்லயும் ஒரு குறையும் இல்ல, டேங்க்ல டீசலும் இருந்துச்சு. பம்ப்புலேர்ந்து ஹீட்டருக்குப் போற மெல்லிசான ட்யூப்புக்குள்ள பம்ப் ‘டொக்’னு அடிக்கறப்ப எல்லாம் விரல் நீளத்துக்கு ஒரு காத்துக் குமிழி கொஞ்சம் கொஞ்சமா நகந்து போயிட்டிருந்துச்சு, அது பின்னாடியே இன்னொண்ணு, அதுக்கும் பின்னாடி இன்னொண்ணு. எந்த கம்பெனி ஹீட்டர், எத்தனை கிலோவாட்னு மாசக்கணக்கா மண்டைய உடைச்சுக்கிட்ட நான், டீசலை எங்கேர்ந்து எடுக்கறதுங்கற விஷயத்துக்கு ஒரு சாயங்காலம் கூட செலவு பண்ணலையேன்னு அன்னிக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அதனாலதான் இத இவ்வளவு நீளமா எழுதறேன்.

வழி மொத்தம் நாலுதான். சில வேன்ல கம்பெனியே டேங்க் மேல ஒரு கூடுதல் வாய் விட்டிருப்பாங்க, அதுல மாட்டறது ஒண்ணு. அப்படி இல்லாத வண்டியில டேங்க் மேல இருக்கற மிதவை யூனிட்டோட (டீசல் எவ்வளவு இருக்குன்னு மீட்டருக்குச் சொல்றது) மூடியில ஓட்டை போட்டு தனியா ஒரு உறிஞ்சு குழாய் இறக்கறது ரெண்டாவது. இன்ஜினுக்குப் போற லைன்லயோ திரும்பி வர்ற லைன்லயோ நடுவுல வெட்டி ‘டி’, அதாவது மூணு வாய் இருக்கற இணைப்பு, போடறது மூணாவது. வண்டி டேங்க்கத் தொடவே தொடாம ஹீட்டருக்குன்னு சின்னதா ஒரு தனி டேங்க் வைக்கறது நாலாவது.

இதுல எது நல்லதுன்னு பேசறதுக்கு முன்னாடி அந்தக் குட்டி பம்ப்பப் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா நாலு வழியையும் எடை போடற தராசு அதுதான். இது இன்ஜின் பம்ப் மாதிரி தொடர்ந்து தள்ளற பம்ப் கிடையாது, உள்ள ஒரு சின்ன பிஸ்டன் இருக்கு, மின்சாரம் வந்தா ஒரு தடவ அடிக்கும், அடிக்கு இவ்வளவுன்னு அளந்து டீசல அனுப்பும். பரவலா கிடைக்கற சின்ன கிட்கள்ல வர்ற பம்ப் ஒண்ணுல அடிக்கு 0.022 மில்லி, அதாவது ஆயிரம் அடிச்சா 22 மில்லி. ஹீட்டரோட கம்ப்யூட்டருக்கு எவ்வளவு டீசல் உண்மையிலேயே போச்சுன்னு அளக்கறதுக்கு வேற வழி கிடையாது, இத்தனை அடி அடிச்சா இவ்வளவு டீசல் போயிருக்கும்ங்கற நம்பிக்கையிலதான் அது காத்தையும் தீயையும் சமன் பண்ணுது.

இப்ப ட்யூப்ப பாருங்க. உள் விட்டம் 2 மில்லிமீட்டர் ட்யூப்புல 0.022 மில்லி டீசல்ங்கறது 7 மில்லிமீட்டர் நீளம். ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர் நகருது. அப்ப 3 சென்டிமீட்டர் நீளமா ஒரு குமிழி வந்தா நாலு அடிக்கு மேல ஹீட்டருக்கு டீசலே கிடையாது, வெறும் காத்துதான். தீ தடுமாறும், அணையும், கம்ப்யூட்டர் மறுபடி பத்த வைக்கப் பாக்கும், வெள்ளைப் புகை வரும், அந்தக் கலாட்டாவுல எரியாத டீசல் உள்ள தங்கி கரியாப் படியும். இது ஒரு ராத்திரியோட போற தொல்லை இல்ல, குமிழியோடயே ஓடற ஹீட்டர் கொஞ்ச நாள்ல உள்ள கரி அடைச்சு பத்தவே மாட்டேங்கும், அப்புறம் கழட்டி சுரண்டிட்டு உக்காரணும்.

அதே கணக்க 4 மில்லிமீட்டர் உள் விட்டம் இருக்கற ட்யூப்புக்குப் போட்டா ஒரு அடிக்கு 2 மில்லிமீட்டர் கூட நகராது. அதுல குமிழி மேல் பக்கமா ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்கும், டீசல் அதுக்கு அடியில ஊர்ந்து போகும், நாலஞ்சு குமிழி சேந்து பெருசானதும் மொத்தமா ஒரே நேரத்துல போய் தீய அணைச்சிடும். விலை கம்மியான கிட்கள்ல வர்ற அந்த மெத்துமெத்துன்னு இருக்கற பச்சை ட்யூப் பல சமயம் இப்படித்தான் துளை பெருசா இருக்கும். அத அப்படியே தூக்கி வச்சிட்டு 2 மில்லிமீட்டர் துளை உள்ள கெட்டியான நைலான் ட்யூப் வாங்குங்க, நாலு வழியில எதைத் தேர்ந்தெடுத்தாலும் இது பொருந்தும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கம்பெனி விட்ட வாய் இருந்தா யோசிக்கவே வேண்டாம், அதையே எடுங்க. ஃபோர்டு ட்ரான்ஸிட், மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர் மாதிரி வேன்கள்ல பல வருஷ மாடல்கள்ல டேங்க் மேல இருக்கற யூனிட்ல இப்படி ஒரு வாய் இருக்கு, மூடியோ அடைப்போ போட்டு வச்சிருப்பாங்க, ஏன்னா கம்பெனியே குளிர் தேசங்களுக்கு ஹீட்டரோட வண்டி அனுப்புது. இதுல என்ன நல்லதுன்னா, இன்ஜினோட லைனுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, உள்ள தனியா ஒரு குழாய் டேங்க்குக்குள்ள இறங்கியிருக்கும், அதுவும் அடி வரைக்கும் போகாது, கொஞ்சம் மேலயே நின்னுடும். அதனால ஹீட்டர் ராத்திரி பூரா ஓடி டேங்க்க காலி பண்ணி காலைல வண்டி ஸ்டார்ட் ஆகாமப் போற ஆபத்து கிடையாது, டேங்க் ஏறக்குறைய கால் பங்குக்கு வந்ததும் ஹீட்டர் தானா நின்னுடும். ‘டீசல் இருக்கே, ஹீட்டர் ஏன் ஓட மாட்டேங்குது’ன்னு இந்த இடத்துலதான் பல பேர் குழம்பறாங்க, மீட்டர் முள்ளப் பாத்துட்டு கொஞ்சம் டீசல் போட்டா சரியாயிடும். கஷ்டம் ஒண்ணே ஒண்ணுதான், வாய் டேங்க்கோட தலையில இருக்கும், கை நுழையாது, நிறைய வண்டியில டேங்க்க கொஞ்சமாவது இறக்கினாத்தான் எட்டும். உங்க வண்டியோட சரியான வருஷ மாடலுக்கு அந்த வாய் இருக்கா, என்ன அளவு கனெக்டர்னு வண்டி நம்பர வச்சு உதிரி பாகம் விக்கறவங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் அடியில படுங்க. படுத்தப்புறம் தெரிஞ்சுக்கறதுல அர்த்தம் இல்ல.

அந்த வாய் இல்லாதவங்களுக்கு நான் சொல்றது ரெண்டாவது வழிதான், உறிஞ்சு குழாய். நான் இப்ப ஓட்டற வேன்ல இதுதான் இருக்கு. வேலை நிறைய, ஆனா ஒரு தடவ ஒழுங்கா பண்ணிட்டா வருஷக்கணக்கா திரும்பிப் பாக்க வேண்டியதில்ல. டேங்க்க இறக்கி, மேல இருக்கற யூனிட்டோட வளையத்தத் திருகிக் கழட்டி, யூனிட்ட வெளிய எடுத்து மேஜை மேல வச்சு ஓட்டை போடணும். வெளிய எடுத்துப் போடறதுதான் முக்கியம். டேங்க் மேலயே உக்காந்த நிலையில ட்ரில் பண்ணினா சீவல் உள்ள விழும், ப்ளாஸ்டிக் சீவலா இருந்தாலும் சரி, இரும்புத் தூளா இருந்தாலும் சரி, அது வடிகட்டிக்குப் போகும், அதத் தாண்டினா இன்ஜினுக்குள்ள டீசல பீச்சற இன்ஜெக்டருக்குப் போகும். இப்போ இருக்கற காமன் ரெயில் இன்ஜின்ல 1600, 2000 பார் அழுத்தம், அதுல ஒரு துளி தூள் என்ன பண்ணும்னு மெக்கானிக்க கேளுங்க.

இறக்கறதுக்கு முன்னாடி டேங்க்க முடிஞ்ச அளவு காலி பண்ணிடுங்க. 70 லிட்டர் டீசல்னா கிட்டத்தட்ட 58 கிலோ, அதுவும் ஒரு பக்கமா சாஞ்சா மொத்தமா அந்தப் பக்கம் ஓடி வந்து தள்ளும், ஒரு ஆளா ஜாக்கி மேல வச்சு இறக்கறது சாத்தியமே இல்ல. வளையத்தச் சுத்தி இருக்கற மண்ண பிரஷ்ஷால நல்லா தட்டி, ஊதி, துடைச்சுட்டு அப்புறம் திருகுங்க. யூனிட் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்குன்னு ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க, திருப்பி வைக்கறப்ப மாறினா உள்ள இருக்கற மிதவை டேங்க் சுவர்ல இடிச்சு மீட்டர் தப்பா காட்டும். பழைய ரப்பர் வளையத்த திரும்பப் போடாதீங்க, புதுசு வாங்கி வச்சுட்டு வேலைய ஆரம்பிங்க, பழசு டீசல்ல ஊறி உப்பியிருக்கும், திரும்ப அந்தப் பள்ளத்துல சரியா உக்காராது.

ஓட்டை எங்க போடறதுங்கறதுல நான் அரை மணி நேரம் உக்காந்து பாத்தேன். மூடிய மேலேர்ந்து பாத்தா சமதளமா நல்ல இடமா தெரியும், திருப்பிப் பாத்தா அதுக்கு நேர் கீழ மிதவை ஏறி இறங்கற கம்பி போகும், இல்ல வயர் போகும். மிதவைய கையாலேயே மேல வரைக்கும் தூக்கி, கீழ வரைக்கும் இறக்கி, குழாய் எந்த நிலையிலும் அதுல படாதுன்னு தெரிஞ்சப்புறம்தான் மார்க் பண்ணினேன். ட்ரில் முனையில கிரீஸ் தடவிக்கிட்டா சீவல் அதுலயே ஒட்டிக்கும். ஓட்டை போட்டதும் விளிம்புல இருக்கற பிசிற கத்தியால சீவி எடுத்துடணும், பிசிறு இருந்தா வாஷர் சமமா உக்காராம அங்கேர்ந்து கசியும். குழாயோட நுனிய 45 டிகிரி சாய்வா வெட்டணும், நேரா வெட்டினா அடியில கிடக்கற ஏதாவது ஒண்ணு வாயில பொத்துன மாதிரி ஒட்டிக்கும். நீளத்தப் பொறுத்தவரைக்கும் கிட்டோட காகிதத்துல டேங்க் அடியிலேர்ந்து சில சென்டிமீட்டர் மேலன்னு போட்டிருக்கும், நான் அதவிட சுருக்கமா, டேங்க்ல கால் பங்கு மிஞ்சற மாதிரி வெட்டினேன். ஹீட்டர் நின்னா போர்வையப் போத்திக்கலாம், இன்ஜினும் சேந்து நின்னா என்ன பண்றது?

இப்ப ‘டி’ போடறது. இதுதான் பாக்கறதுக்கு ரொம்ப சுலபமா தெரியற வழி, டேங்க்க இறக்க வேண்டாம், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும், கிட்லயே ஒரு சின்ன ‘டி’ வேற வச்சு அனுப்பறாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்ல, ஏன்னு சொல்றேன். முதல்ல உங்க வண்டியில அந்த லைன்ல அழுத்தம் இருக்கா, உறிஞ்சலா, சும்மா ஓடற லைனான்னு தெரியணும். பழைய டீசல் வண்டிகள்ல இன்ஜின் பக்கம் இருக்கற பம்ப் டேங்க்லேர்ந்து உறிஞ்சும், லைன்ல அழுத்தம் இருக்காது, ஹீட்டர் கம்பெனிகளோட கையேட்டுலயே அந்த மாதிரி வண்டிக்கு ‘டி’ போடற படம் இருக்கும். இப்ப வர்ற பல வண்டியில பம்ப் டேங்க்குக்குள்ளயே இருக்கு, அது நாலஞ்சு பார் அழுத்தத்துல தள்ளும். ஹீட்டரோட குட்டி பம்ப் ஒரு குழாய மூடற வால்வு மாதிரின்னு நினைச்சுடாதீங்க, பின்னாடியிலேர்ந்து அழுத்தம் வந்தா டீசல் அதைத் தாண்டி உள்ள போகும், அளவு கெட்டுப் போயி எரியற அறைக்குள்ள டீசல் தேங்கும். தேங்கின டீசல் மேல தீ பத்தினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால இன்ஜினுக்குப் போற அழுத்த லைன்ல ‘டி’ங்கற பேச்சே வேண்டாம்.

திரும்பி வர்ற லைன்ல போடலாமேன்னு கேப்பாங்க. சில வண்டியில சரியா வரும். ஆனா அந்த லைன் டேங்க்குக்குள்ள எங்க முடியுதுன்னு வெளியிலேர்ந்து தெரியாது, டீசல் மட்டத்துக்கு மேலயே முடிஞ்சுதுன்னா இன்ஜின் நின்ன கொஞ்ச நேரத்துல லைன்ல இருந்தது எல்லாம் டேங்க்குக்கு வடிஞ்சிடும், அப்புறம் ஹீட்டர் பம்ப் உறிஞ்சறது வெறும் காத்து. நீங்க ஹீட்டர் போடறதே இன்ஜின் நின்னப்புறம்தானே! அது போக, இன்ஜின்லேர்ந்து சூடா திரும்பற டீசல்ல குமிழியும் சேந்தே வரும்.

உறிஞ்சற லைன்ல போட்டாலும் ஒரு விஷயம் இருக்கு. தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் பழைய வேன்ல இப்படித்தான் போட்டிருந்தார், ஹீட்டர் அருமையா ஓடுச்சு, ஆனா வண்டி காலைல ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்க ஆரம்பிச்சுது. பேட்டரி மாத்தினார், குளிர்ல இன்ஜின் ஸ்டார்ட் ஆக சூடு குடுக்கற குளோ ப்ளக் மாத்தினார், வடிகட்டி மாத்தினார், எதுலயும் சரியாகல. கடைசில பாத்தா ‘டி’யோட ஒரு கால்ல போட்டிருந்த திருகு கிளிப் ரப்பர வெட்டி உள்ள இறங்கியிருக்கு, அங்கேர்ந்து ஒரு சொட்டு டீசல் கூட வெளிய வரல, ஆனா ராத்திரி பூரா மெதுவா காத்து உள்ள போயிருக்கு. உறிஞ்சற லைனோட குணமே அதுதான், கசிவு இருந்தா வெளிய நனையாது, உள்ள காத்துதான் ஏறும், அதனால கண்டுபிடிக்கறது கஷ்டம். ஹீட்டருக்காகப் பண்ணின வேலை இன்ஜின போய் பாதிச்சுது பாருங்க, ‘டி’ மேல எனக்கு இருக்கற பெரிய மனத்தாங்கல் இதுதான், மத்த மூணு வழியில இப்படி ஒரு இணைப்பு கசிஞ்சா ஹீட்டர் மட்டும்தான் நிக்கும்.

இதெல்லாம் தெரிஞ்சும் வேற வழி இல்லாம போடறீங்கன்னா, லைன் அளவுக்கு ஏத்த ‘டி’ வாங்குங்க, கிளையக் கீழ் பக்கமாவோ பக்கவாட்டுலயோ வைங்க. மேல் பாத்து வச்சா மெயின் லைன்ல வர்ற குமிழி எல்லாம் அதுலதான் ஏறும். திருகு கிளிப்புக்கு பதிலா வட்டமா சமமா இறுக்கற சின்ன அளவு ஃப்யூயல் கிளிப் போடுங்க.

கடைசியா தனி டேங்க். இதப் பத்தி ரெண்டு விதமா பேசறவங்க இருக்காங்க, ரெண்டுலயும் உண்மை இருக்கு. வேன் பெட்ரோல் வண்டியா இருந்து ஹீட்டர் டீசல்ல ஓடறதா இருந்தா இதத் தவிர வழியே இல்ல. வண்டி உங்களோடது இல்லன்னாலோ, வாரன்டி இருக்கு, எதையும் தொட முடியாதுன்னாலோ, இன்னும் ஒரு வருஷத்துல வேற வேனுக்கு மாறப் போறீங்கன்னாலோ இதுதான் ஒழுங்கான வழி, கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம். இன்னொரு நல்லது, இன்ஜினுக்கு ஊத்தக் கூடாத ஆனா ஹீட்டர் கையேட்டுல அனுமதிச்சிருக்கற எரிபொருள் ஏதாவது இருந்தா இதுல ஊத்திக்கலாம், சில பேர் கரி கம்மியாப் படியுதுன்னு மண்ணெண்ணெய் ஊத்தறாங்க, உங்க மாடலோட கையேடு சரின்னு சொன்னா பண்ணலாம்.

எவ்வளவு நாள் தாங்கும்னா, 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 0.1 லிட்டர்லேர்ந்து 0.25 லிட்டர் வரைக்கும் குடிக்கும், வெபாஸ்டோ ஏர் டாப் 2000 எஸ்டிசிங்கற ஹீட்டர் மாடலுக்கு போட்டிருக்கறது 0.12 முதல் 0.24. சராசரியா 0.15னு வச்சு ராத்திரிக்கு 10 மணி நேரம் ஓட்டினா ஒன்றரை லிட்டர், அப்ப 10 லிட்டர் டேங்க் ஆறு ராத்திரிக்கு வரும். 70 லிட்டர் வண்டி டேங்க்ல கால் பங்க ஒதுக்கிட்டா மிச்சம் 52 லிட்டர், அது 35 ராத்திரி. வாரக் கடைசியில மட்டும் வெளிய போறவங்களுக்கு ஆறு ராத்திரி தாராளம், வேன்லயே வாழறவங்களுக்கு வாரா வாரம் கேன் தூக்கற வேலை, நான் அதத்தான் ரெண்டு குளிர்காலம் பண்ணினேன்.

பிரச்சனை அந்தக் கேன் தூக்கறதுலதான் ஆரம்பிக்குது. என் முதல் வேன்ல தனி டேங்க் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. ஒரு தடவ புனல் சாஞ்சு ஒரு கரண்டி அளவு டீசல் பலகையில கொட்டிடுச்சு, சோப்புத் தண்ணி, மண்ணு, வினிகர் எல்லாம் போட்டுத் துடைச்சேன், மூணு வாரம் தலகாணி வரைக்கும் டீசல் வாசனை அடிச்சுது, குழந்தை வேன்ல தூங்க மாட்டேன்னுடுச்சு. அப்புறம்தான் விதிமுறை எதுக்காக எழுதியிருக்காங்கன்னு புரிஞ்சுது. வண்டி ஹீட்டர்களுக்கு ஐநாவோட ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்து விதி ஒண்ணு இருக்கு, ஆர்122, அதுல எரிபொருள் ஊத்தற வாய் ஆள் உக்கார்ற பகுதிக்குள்ள இருக்கவே கூடாதுன்னு தெளிவா இருக்கு, ஒழுங்கான மூடி வேணும், தனி டேங்க்னா என்ன எரிபொருள், எங்க ஊத்தணும்னு எழுதி ஒட்டணும், ஊத்தறதுக்கு முன்னாடி ஹீட்டர நிறுத்தச் சொல்லி அறிவிப்பும் வைக்கணும். அதனால தனி டேங்க் வைக்கறதா இருந்தா, வெளிப்பக்கமா கதவு திறக்கற, படுக்கற இடத்தோட காத்து கலக்காத ஒரு பெட்டிக்குள்ள வைங்க, இல்ல வண்டிக்கு வெளிய வைங்க. உள்ள கட்டிலுக்கு அடியில வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, கிட்டோட வர்ற அந்த ப்ளாஸ்டிக் டேங்க்ல டீசல் வெளிய வர்ற வாய் பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும். கசிய ஆரம்பிச்சா கடைசிச் சொட்டு வரைக்கும் கசியும், அடியில தேங்கற தண்ணியும் தூசியும் நேரா பம்ப்புக்குப் போகும். மேலேர்ந்து குழாய் இறக்கி உறிஞ்சற மாதிரி டேங்க்கா பாத்து வாங்குங்க, மூடியில காத்து போக வர ஒரு சின்ன வழி இருக்கான்னும் பாருங்க, அது அடைச்சா உள்ள வெற்றிடமாகி டேங்க் நசுங்கி பம்ப் உறிஞ்ச முடியாம நிக்கும். ஹீட்டர விட ரொம்ப உயரத்துல வைக்காதீங்க, பம்ப் வால்வு சரியா மூடலன்னா தானா வழிஞ்சு ஹீட்டருக்குள்ள இறங்கும், எவ்வளவு உயரம் வரைக்கும் வைக்கலாம்னு கையேட்டுல இருக்கும். அப்புறம் அத வெறும் பட்டை போட்டு கட்டி வைக்காதீங்க, போல்ட் போட்டு சட்டத்துல இறுக்குங்க. 10 லிட்டர் டீசல்ங்கறது எட்டு கிலோ, திடீர்னு ப்ரேக் போட்டா அது எங்க பறக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

குளிர் தேசத்துல ஓட்டறவங்களுக்கு தனி டேங்க்ல ஒரு ஆபத்து கூடுதலா இருக்கு. வண்டி டேங்க்ல நீங்க வாரா வாரம் புதுசா ஊத்தறீங்க, பங்க்ல குளிர்காலம் வந்ததும் குளிர்கால டீசல்தான் விப்பாங்க, இஎன் 590ங்கற ஐரோப்பிய டீசல் தரத்துல எஃப் வகைன்னா மைனஸ் 20 டிகிரி வரைக்கும் வடிகட்டியில அடைக்காது. தனி டேங்க்ல கோடையில ஊத்தினது அப்படியே கிடக்கும், முதல் கடும் குளிர்ல அது மெழுகு மாதிரி கலங்கி வடிகட்டிய அடைச்சிடும், அதுவும் ஹீட்டர் தேவைப்படற அதே ராத்திரியில. குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பழச தீத்துட்டு புதுசு ஊத்துங்க.

பெட்ரோல் வேன்காரங்க பெட்ரோல் ஹீட்டர்னு தனி மாடல் வாங்கி வண்டி டேங்க்லேர்ந்தே எடுக்கலாம்தான். ஆனா அந்த டேங்க்ல ஓட்டை போடற வேலைய வீட்டுல வச்சுக்காதீங்க. டீசல் 55 டிகிரிக்கு மேல சூடானாத்தான் பத்தற அளவுக்கு ஆவி விடும், பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலயே விடும், காலியான டேங்க்னா ஆவி நெறஞ்சிருக்கறதால நெறஞ்ச டேங்க்க விட ஆபத்து. அந்த வேலைக்குன்னு இருக்கறவங்ககிட்ட குடுத்துடுங்க. டீசல் ஹீட்டர்ல பெட்ரோல் ஊத்திப் பாக்கலாமான்னு கேக்கறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு ஊத்தாதீங்க.

அப்ப என் முடிவு என்னன்னா, சொந்த வேன், டீசல் வண்டி, அஞ்சு வருஷமாவது வச்சுக்கப் போறீங்கன்னா முதல்ல கம்பெனி வாய் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா டேங்க்க இறக்கி உறிஞ்சு குழாய். இன்ஜின் வேலை எதுக்காவது டேங்க்க இறக்க வேண்டி வந்துச்சுன்னா அதே நாள்ல இதையும் முடிச்சுடலாம், கூலி பாதியாயிடும். வாரக் கடைசி மட்டும் போறவங்க, பெட்ரோல் வேன்காரங்க, வாடகை வண்டிக்காரங்க தனி டேங்க்குக்குப் போங்க, ஆனா வெளிய வைங்க. ‘டி’ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்த வழியா இருந்தாலும் பம்ப் வைக்கறதுல தப்பு பண்ணினா எல்லாம் வீண். இந்த பம்ப் நல்லா தள்ளும், உறிஞ்சறது சுமார்தான், அதனால ஹீட்டர் பக்கத்துல வைக்காம டேங்க் பக்கத்துல வைங்க. வெளிய தள்ளற முனை மேல பாத்து குறைஞ்சது 15 டிகிரியாவது சாஞ்சு இருக்கணும், அப்பத்தான் உள்ள வந்த குமிழி தங்காம மேல ஏறிப் போயிடும், படுக்க வச்சா பம்ப்புக்குள்ளயே காத்து உக்காந்துக்கும். ரெண்டு குழாய ரப்பர் ஹோஸால இணைக்கற இடத்துல, உள்ள ரெண்டு நுனியும் ஒண்ணோட ஒண்ணு முட்டற வரைக்கும் தள்ளுங்க, நடுவுல இடைவெளி விட்டா அது குமிழி சேர்ற பொந்து. பம்ப்ப நேரா தரையில திருகாம ரப்பர்ல தொங்க விடுங்க, இல்லன்னா அந்த ‘டொக் டொக்’ ராத்திரி பூரா மண்டைக்குள்ள அடிக்கும். டீசல் லைன ஹீட்டரோட புகைக்குழாய்கிட்ட கொண்டு போகவே கூடாது, புகைக்குழாயோட வாய் ஜன்னலுக்கோ காத்து உள்ள வர்ற வழிக்கோ கிட்ட இருக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு கட்டில் பக்கத்துல கட்டாயம் வைங்க, அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

எல்லாம் மாட்டி முடிச்சு முதல் தடவ போடறப்ப ஹீட்டர் பத்தலன்னா பயந்துடாதீங்க. 3 மீட்டர் நீளம் 2 மில்லிமீட்டர் ட்யூப் நெறையறதுக்கே ஒன்பதரை மில்லி டீசல் வேணும், அதுக்கு பம்ப் 430 தடவ கிட்ட அடிக்கணும், ஹீட்டர் அவ்வளவு நேரம் காத்திருக்காது, பத்தலன்னு நின்னுடும். கன்ட்ரோலர்ல பம்ப்ப மட்டும் ஓட்டற வசதி இருக்கும், அதப் போட்டு டார்ச்ச ட்யூப் மேல அடிச்சுக்கிட்டு டீசல் நுனி ஊர்ந்து வர்றதப் பாருங்க. அது ஹீட்டர் வாய்க்கு ஒரு சாண் தூரத்துல வந்ததும் நிறுத்திடுங்க, மிச்சத்த ஹீட்டர் தானே இழுத்துக்கும், அதத் தாண்டி ஓட்டினா உள்ள டீசல் தேங்கி முதல் நாளே புகை மண்டும். அப்புறம் ஹீட்டர முழு வேகத்துல 20 நிமிஷம் விட்டுட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால தொட்டுப் பாருங்க, ட்யூப்ப மறுபடி டார்ச் அடிச்சுப் பாருங்க. ஆரம்பத்துல சின்னச் சின்னதா நாலஞ்சு குமிழி போறது சகஜம், 20 நிமிஷத்துக்கு அப்புறமும் வந்துட்டே இருந்தா பம்ப்புக்கும் டேங்க்குக்கும் நடுவுல எங்கயோ ஒரு கிளிப் சரியில்ல, அன்னிக்கு ராத்திரி அந்த வேன்ல தூங்கறதுக்கு முன்னாடி அதக் கண்டுபிடிச்சு இறுக்கிடுங்க.